'மறந்துவிடு' என்று சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

நான்கு மாதங்களுக்கு முன் என் தம்பியின் கார் லாரியில் மோதியது. காயங்கள் ஆறிவிட்டன. ஆனால் இன்னும் வண்டியைத் தொடுவதில்லை. ஹாரன் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது. இரவில் அலறி எழுகிறான். "அதையே நினைக்காதே, மறந்துவிடு" என்றால் எரிந்து விழுகிறான். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விபத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் இதெல்லாம் சகஜம். பெரும்பாலோருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால் பி.டி.எஸ்.டி.யாக, அதாவது பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறாக இருக்கலாம். நான்கு மாதம் ஆகிவிட்டது, இனியும் காத்திருக்காதீர்கள்.

மறக்கத்தானே அவரும் பாடுபடுகிறார்! வண்டியை விட்டு விலகும் ஒவ்வொரு முறையும் பயம் சட்டென்று இறங்குகிறது. 'விலகியதால்தான் தப்பித்தோம்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. ஆபத்து முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அதற்காக அவரை இழுத்துப்போய் ஸ்டீயரிங் முன் உட்காரவைத்துவிடாதீர்கள். நடந்ததைச் சொல்லும்படி துருவவும் வேண்டாம்.

அந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் இருக்கிறார்கள். விபத்தின் நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார்கள். நின்றிருக்கும் காரில் உட்காருவது, பக்கத்து இருக்கையில் ஒரு தெரு போய்வருவது, பிறகு ஓட்டுவது என்று படிப்படியாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு படியிலும் பயம் தணியும்வரை இருக்க வேண்டும். உச்சத்தில் இறங்கி ஓடினால் பயம்தான் வலுக்கும். பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள். தொடக்கத்தில் சிலருக்குக் கனவுகள் கூடும். 'சிகிச்சை ஒத்துக்கொள்ளவில்லை' என்று அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். டயஸெபாம் வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடும், இந்த நோயைத் தீர்க்கவும் செய்யாது. மருந்து தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளை மனநல மருத்துவர் எழுதுவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சற்றுத் தேறியதும் தானாக நிறுத்தக் கூடாது.

மருத்துவரிடம் "தூக்கமில்லை" என்று மட்டும் சொன்னால் தூக்கத்துக்குத்தான் மருந்து கிடைக்கும். விபத்து நடந்த தேதி, வாரத்தில் எத்தனை இரவு அலறுகிறார், எதையெல்லாம் தவிர்க்கிறார், குடிக்கிறாரா என்று எழுதிக்கொண்டு போங்கள். தலையில் அடிபட்டிருந்தால் அவசியம் சொல்லுங்கள். அதனாலும் எரிச்சலும் தூக்கக் குறைவும் வரும். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் அன்றே அவசர சிகிச்சைக்கு அழைத்துப்போங்கள்.

இரவில் அலறினால் உலுக்காதீர்கள், தாக்குதல் என்று நினைத்து கையை வீசிவிடக்கூடும். விளக்கைப் போட்டுவிட்டு, எட்ட நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "வீட்டில்தான் இருக்கிறாய், நான் அக்கா" என்று சொல்லுங்கள்.