டைனமோ சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரிக்குக் காசு போடும் முன் ஒரு துண்டு ஒயர் எடுங்கள்

காங்கேயம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாரு காலத்து டிராக்டர், பேட்டரியைச் சார்ஜ் பண்ண டைனமோ போட்ட பழைய வண்டி, ரெண்டு வருஷம் சாளையில் சும்மா நின்றதாம். புது பேட்டரி போட்டு எடுத்தால் மூன்றாம் நாள் செல்ப் சுற்றவில்லை. எஞ்சின் ஓடும்போது அம்மீட்டர் முள் சைபரிலேயே நிற்கிறது, ஹெட்லைட் போட்டால் மைனஸ் பக்கம் சாய்கிறது, எப்போதாவது ஆக்சிலேட்டரைக் கூட்டினால் ஒரு துள்ளு துள்ளி மறுபடி விழுகிறது. பேன் பெல்ட் புதுசு. ஒரு எலக்ட்ரீசியன் "பேட்டரி போலி" என்கிறார், இன்னொருவர் "டைனமோவைக் கழட்டி என்கிட்ட கொடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போட்டுக்கங்க" என்கிறார், இப்போதைய வண்டிகளில் டைனமோவுக்குப் பதில் வருவது அதுதான். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு ரெண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம், தம்பி. பேட்டரி மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. டீசல் எஞ்சின் ஒரு தடவை பிடித்துவிட்டால் கரண்ட் இல்லாமலே ஓடும், அதனால் சார்ஜ் ஏறாதது நாலு தடவை செல்ப் அடித்த பிறகுதான் நமக்கே தெரியவரும், பழி மட்டும் பேட்டரி மேல் விழும். பேட்டரியை வெளியே முழு சார்ஜ் ஏற்றி, ராத்திரி முழுக்க ஒயரைக் கழட்டி வைத்துவிட்டுக் காலையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் நின்றால் அது நல்ல பேட்டரி.

மிச்சம் இருப்பது ரெண்டே சாமான்: டைனமோ, இல்லையென்றால் கட்டவுட் பெட்டி, அதாவது டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தி, பேட்டரியோடு அதைச் சேர்த்துப் பிரிக்கும் பெட்டி. எது என்று பிரிக்க முப்பது வருஷமாக நான் செய்வது ஒரே வேலைதான், அதற்கு ஒரு ஜாண் ஒயரும் ஒரு மீட்டரும் போதும். முள் மீட்டர் கிடைத்தால் நல்லது, டிஜிட்டலில் நம்பர் தாவிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியில் இருப்பது லூகாஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி வகை டைனமோ என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், நம் பக்கத்துப் பழைய வண்டிகளில் நான் பார்த்தது பெரும்பாலும் அதுதான். பின்பக்கம் ரெண்டு முனை இருக்கும், பெரியது டி, சின்னது எஃப். ரெண்டு ஒயரையும் கழட்டி, ஒன்றோடொன்றோ பாடியிலோ படாமல் ஒதுக்கி வையுங்கள். டி முனையையும் எஃப் முனையையும் அந்தத் துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையை அங்கேயும் இன்னொன்றை டைனமோ பாடியிலும் வையுங்கள். தோளில் துண்டு கிடந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், பக்கத்திலேயே பேன் சுற்றுகிறது. எஞ்சினை ஓடவிட்டு மெதுவாக, ரொம்ப மெதுவாக ஆக்சிலேட்டரைக் கூட்டினால் வோல்ட் தடங்கல் இல்லாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். 20 வோல்ட் வந்ததும் நிறுத்திவிடுங்கள். இந்த நேரத்தில் அதைக் கட்டுப்படுத்த யாரும் இல்லை, இன்னும் முறுக்கினால் காயில் கருகும்.

ஏறினால் டைனமோ நல்ல உசிரோடு இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட்டிலேயே நின்றால் பீல்டு காயில், அதாவது உள்ளே அசையாமல் நின்று காந்தம் உண்டாக்கும் சுருள், கோளாறு. நாலைந்து வோல்ட் வரை வந்து மலைத்து நின்றால் ஆர்மேச்சர், அதாவது நடுவில் சுற்றும் சுருள், கோளாறு. மீட்டர் அசையவே இல்லை என்றால், சுற்றும் ஆர்மேச்சரிலிருந்து கரண்டை எடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ் அதைத் தொடவில்லை.

உங்கள் வண்டியில் பிரஷ்தான் சிக்கியிருக்கும் என்பது என் கணிப்பு, முள் அப்படித் துள்ளி விழுவதே அதற்கு அடையாளம். ரெண்டு வருஷத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் பிரஷ் அதன் கூட்டுக்குள் இறுகிவிடும், ஸ்பிரிங் எவ்வளவு தள்ளினாலும் இறங்காது. பின் மூடியைக் கழட்டிப் பெட்ரோல் துணியால் துடைத்துக் காயவிட்டு, பிரஷ் கூட்டுக்குள் தாராளமாக ஏறி இறங்குகிறதா பாருங்கள். 7 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாள் போதும், பள்ளம் விழுந்திருந்தால் லேத் பட்டறைக்குப் போகட்டும். தண்டு சுற்றுகிற பின்பக்க புஷ்ஷுக்கு எண்ணெய் விட ஒரு சின்னத் துளை உண்டு, எஞ்சின் ஆயில் ரெண்டு சொட்டுதான் அதன் அளவு. ஆசையாக நிறைய விட்டால் அது வழிந்து பிரஷ்ஷில் இறங்கி, திரும்ப இதே கதை.

பிரஷ் சரியாக இருந்தும் வோல்ட் வரவில்லை என்றால், ரொம்ப நாள் நின்றதில் காந்தம் செத்திருக்கலாம். பீல்டு இரும்பில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் காந்தத்தை வைத்துத்தான் டைனமோ முதல் கரண்டையே எடுக்கிறது. அந்தத் துண்டு ஒயரை எடுத்துவிட்டு, பேட்டரியில் எர்த்துக்கு, அதாவது வண்டி பாடிக்கு, போகாத முனையிலிருந்து ஒரு ஒயர் கொண்டுவந்து எஃப் முனையில் ஒரு வினாடி தொட்டு எடுங்கள், சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். இதைச் செய்வதற்கு முன் உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்று நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பழைய வண்டிகளில் ரெண்டும் உண்டு. புது பேட்டரி மாட்டியவர் அதைத் திருப்பி மாட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. என்னிடம் வந்த ஒரு ஜீப்பில் அப்படித்தான் யாரோ மாட்டி, டைனமோ ஒரு பக்கம் இழுக்க பேட்டரி ஒரு பக்கம் இழுக்க, கட்டவுட் பாயிண்ட், அதாவது கரண்ட் பாயத் தொட்டு விலகும் முனை, ரெண்டும் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கிடந்தது.

வீடியோ பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க டைனமோ பலவற்றில் எஃப் முனையை எர்த் பண்ணித்தான் சோதிப்பார்கள், அங்கே அது சரி. நம் லூகாஸ் வகையில் ஒயர்களை மாட்டியபடியே அதைச் செய்தால் பெட்டிக்குள் பாயிண்ட் கருகிவிடும்.

சரி, டைனமோ தேறிவிட்டது, ஒயர்களைத் திரும்ப மாட்டியும் இன்னும் சார்ஜ் இல்லை என்றால் பெட்டிக்கு வாருங்கள். மூடியைத் திறக்கும் முன் ஈ என்று போட்ட முனையின் எர்த் ஒயரைப் பாருங்கள். அது அறுந்தோ துருப்பிடித்தோ இருந்தால் உள்ளே காயிலுக்குக் கரண்ட் சுற்று முடியாது, கட்டவுட் மூடவே மூடாது. பெயிண்ட் அடித்த தகட்டின் மேல் போல்ட்டை முறுக்கிவிட்டு எர்த் வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் சரியென்றால் பேட்டரியின் எர்த்தைக் கழட்டிவிட்டுப் பாயிண்ட்களைச் சுத்தம் செய்யலாம். எஞ்சின் நிற்கும்போது, பேட்டரி மாட்டியிருக்க, கட்டவுட்டை விரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், மொத்த பேட்டரியும் டைனமோ வழியாக இறங்கும். செட்டிங் ஸ்குருவைக் கை தெரிந்தவர் திருப்பட்டும்.

எல்லாம் சரியான பிறகும் ஸ்லோவில் ஓடும்போது முள் கொஞ்சம் மைனஸில் நிற்கும். அது டைனமோவின் குணம், கோளாறில்லை. ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிளஸ்ஸுக்கு வர வேண்டும்.

ஆல்டர்னேட்டர்? உங்களுடையது முழு வேகத்தில் 22 ஆம்பியர் வரை தரும் டைனமோ என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு ஹெட்லைட், பின்னால் உழவுக்கு ஒரு லைட், எல்லாம் சேர்ந்து 12 ஆம்பியர் இழுத்தாலும் பேட்டரிக்கு மிச்சம் இருக்கும். அதற்கு மேல் ஸ்பீக்கர், கலர் லைட் என்று மாட்டப் போகிறீர்கள் என்றால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எதற்கு? ஆர்மேச்சரே போயிருந்தாலும் ரீவைண்டிங்குக்குக் கோயமுத்தூரில் ஆள் தேடி அலைய வேண்டாம், மோட்டார் பம்ப் செய்தே பேர் வாங்கிய ஊர் அது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவெடுத்தாலும் பழைய டைனமோவைக் கொடுத்துவிடாதீர்கள். அதைக் கேட்கிற எலக்ட்ரீசியனுக்கு உள்ளே எத்தனை கிலோ செம்பு இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.