செத்து செத்து வெளாடுறதுல என்னா சுகம்?

(வாசகர் கேள்வி பதில்)

போன தடவ ரூபிக்ஸ் க்யூப், அதான் ஒவ்வொரு பக்கமும் ஒரே கலரா வர்ற மாதிரி திருப்பிச் சேக்கற பெட்டி, அத பத்தி நாலு வரி எழுதப்போயி கடுதாசி, வாட்ஸ்அப்னு நெறைய கேள்வி வந்து குமிஞ்சிருச்சு. பாதி க்யூப், பாதி போன் கேம். பேரு போட வேணாம்னு சில பேரு கேட்டதால யாரு பேரையும் போடல, ஊர மட்டும் போட்டுருக்கேன்.

கேள்வி (ஹட்டன் பக்கத்து தோட்டத்துல இருந்து ஒரு அம்மா): மகன் ஓ.எல் எழுதிட்டு ரிசல்ட்டுக்கு காத்துக்கிட்டு இருக்கான். நான் மலைக்கு போயி கொழுந்து நிறுத்துட்டு வர்ற வரைக்கும் போன்ல எலிகூட சண்ட போட்டுக்கிட்டு கெடக்கான். பாதியில செத்துருவான், திருப்பி மொதல்ல இருந்து. 'ஷட்டர்டு பிக்சல் டன்ஜன்'னு பேரு சொல்றான், ரோக்லைக் வகையாம். இது சூதாட்டம் மாதிரி எதுவும் இல்லையே தம்பி?

பதில்: இல்லக்கா, பயப்புடாதீங்க. அது சல்லி கட்டி ஆடுற எடம் இல்ல. இஷ்டப்பட்டா செஞ்சவருக்கு ஆதரவா கொஞ்சம் குடுக்கலாம், குடுக்காட்டியும் ஆண்ட்ராய்டு போன்ல முழு கேமும் ஆடலாம், நடுவுல விளம்பரம் வராது, டேட்டாவும் வேணாம். நம்ம லயத்துப் பக்கம் சிக்னல் போயிப்போயி வர்றதுக்கு அது ஒண்ணே பெரிய புண்ணியம்.

ரோக்லைக்னா என்னான்னா, 1980ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி பொடியன்க ரெண்டு பேரு, மைக்கேல் டாய், கிளென் விச்மன்னு, 'ரோக்'னு ஒரு கேம் செஞ்சாங்க. படம் கெடையாது, எல்லாமே எழுத்துதான். ஈமெயில் அட்ரஸ் நடுவுல ஒரு சுழி வருமே, அதுதான் நீங்க. இங்கிலீஸ் பெரிய எழுத்து 26ம் 26 பிசாசு. பாதாளத்துக்குள்ள எறங்கி ஒரு தாயத்த எடுத்துக்கிட்டு மேல வரணும். ஒவ்வொரு தடவையும் பாத புதுசு, ரூம் புதுசு, செத்தா செத்ததுதான், பழைய எடத்துல இருந்து தொடர முடியாது. அந்த ரோக் மாதிரி இருக்கறதெல்லாம் ரோக்லைக்.

மகன் திருப்பித் திருப்பி சாகுறது அதனாலதான். மருந்து போத்தல் கலரெல்லாம்கூட தடவைக்கு தடவ மாறும், நேத்து செவப்பு காயத்த ஆத்துச்சுன்னா இன்னைக்கு செவப்பு தீப்புடிக்கும். அதனால மனப்பாடம் பண்ணி ஜெயிக்க முடியாது. ஆனா புத்தி மிஞ்சும். அவன்கிட்ட அஞ்சாவது மாடியில இருக்கற 'கூ'ன்னு ஒரு கருப்பு கொழகொழ சாமான் பத்தி கேட்டுப் பாருங்க. அது அடிக்கிறதுக்கு முன்னாடி ஒடம்ப பொம்முன்னு ஊதும், அந்த நேரத்துல பேசாம பின்னால தள்ளிக்கணும். புதுசா வெளாடுறவன் 'இன்னும் ஒரே ஒரு அடி'ன்னு நின்னு அடி வாங்கி செத்துருவான். நான் அதுகிட்ட மட்டும் ஒரு வாரம் செத்தேன். இத்தனைக்கும் அந்த கேம்ல நீங்க ஒரு அடி வச்சாத்தான் அது ஒரு அடி வைக்கும், நீங்க தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்து யோசிச்சாலும் அது அப்புடியேதான் நிக்கும். அவசரப்பட சொல்லி யாருமே கேக்கல, நாமளா அவசரப்பட்டு சாகுறோம்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. 'பாதியில விட முடியாதும்மா'ன்னு சொன்னா நம்பாதீங்க, மூடுனா தானா சேவ் ஆகும், நாளைக்கு அதே எடத்துல இருந்து ஆடலாம். ராத்திரி ஒம்பது மணிக்கு மேல செத்தா அன்னைக்கு புதுசா ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் போடுங்க. எங்க வீட்டுல எனக்கே அந்த சட்டம் இருக்கு.

கேள்வி (பண்டாரவளை, ஏ.எல் படிக்கிற மாணவி): அண்ணா, க்யூப் 42 செக்கன்ல நிக்குது, மூணு மாசமா ஒரு செக்கன்கூட குறையல. விரல் வேகம் பத்தல போல. இருபதுக்குள்ள வர என்ன செய்யணும்?

பதில்: தங்கச்சி, விரல விடுங்க. ஒரு கணக்கு போடுவோம். நீங்க செய்யறது அனேகமா சிஎஃப்ஓபி மெதட்தான், ஜெசிகா ஃபிரிட்ரிச்சால பிரபலமான முறை, கீழ ஒரு கிராஸ், பொறவு மூலையும் ஓரமும் ஜோடி சேத்து நாலு ஜோடி, கடைசி மாடிய ரெண்டு கட்டமா. அதுல ஒரு க்யூப்புக்கு சுமாரா 60 திருப்பு வரும். செக்கனுக்கு மூணு திருப்புனா 20 செக்கன். மூணு திருப்புங்கறது ஒண்ணும் மின்னல் வேகம் இல்ல, உங்க கை இப்பவே அத செய்யும். அப்ப மிச்சம் 22 செக்கன் எங்க போச்சு? சும்மா நிக்குது. போன நிறுத்தி வச்சு வீடியோ எடுத்துப் பாருங்க, ஒரு ஜோடிய வேகமா பட்டு பட்டுன்னு போட்டுட்டு அடுத்த ஜோடிய தேடி க்யூப்ப சுத்திச் சுத்தி பாத்துக்கிட்டு இருப்பீங்க. நான் என் வீடியோவ பாத்தப்ப வெக்கமா போச்சு.

வேல ஒண்ணுதான். ஒரு ஜோடிய உள்ள போடும்போதே கண்ணு அடுத்த ஜோடியில இருக்கணும். அதுக்கு மெட்ரோனோம் ஆப்ப, அதான் ஒரே தாளத்துல டிக் டிக்னு சத்தம் குடுக்குமே, அத போட்டு செக்கனுக்கு ஒரு திருப்புன்னு வேணும்னே மெதுவா செய்யுங்க, நிக்காம. எரிச்சலா இருக்கும், ரெண்டு வாரம் பொறுத்துக்கிட்டா தெரியும். கடைசி மாடிக்கு முழு லிஸ்ட்டு, மேல் பக்கத்த ஒரே கலராக்குற ஓஎல்எல் 57, பொறவு துண்டுகள எடம் மாத்தி முடிக்கிற பிஎல்எல் 21, அதெல்லாம் இப்ப மனப்பாடம் பண்ண வேணாம், ஏ.எல்லுக்கு மனப்பாடம் பண்ண வேண்டியதே தலைக்கு மேல இருக்கும். ரெண்டு பார்வையில முடிக்கிற சின்ன லிஸ்ட்டு இருக்கு, ஓஎல்எல் 10, பிஎல்எல் 6, அது போதும் இருபதுக்கு.

போட்டியில திருப்ப ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 15 செக்கன் சும்மா பாக்க விடுறாங்க, வீட்டுல பழகும்போது நெறைய பேரு அத பாவிக்கிறதே இல்ல. அந்த 15 செக்கன்ல கிராஸ் முழுசையும் மனசுலயே முடிச்சிருங்க. 1982ல புடாபெஸ்ட்ல நடந்த மொத உலகப் போட்டியில மின் தாய் ஜெயிச்சது 22.95 செக்கன்ல. 2023ல மேக்ஸ் பார்க் 3.13 செக்கன்ல முடிச்சாரு. நமக்கு இப்போதைக்கு மின் தாய் போதும்.

கேள்வி (தலவாக்கலை): ஒரு கடையில வாங்குன க்யூப், எல்லாம் சரியா வருது, கடைசியா ஒரே ஒரு மூல மட்டும் அதே எடத்துல திரும்பி நிக்குது. நூறு தடவ செஞ்சிட்டேன். என் தப்பா?

பதில்: உங்க தப்பு இல்ல. முறையா திருப்பி ஒரே ஒரு மூலைய மட்டும் சுத்த வைக்கவே முடியாது. யாரோ கையால முறுக்கியிருக்காங்க, இல்ல கழண்டு விழுந்தத மாத்தி பூட்டியிருக்காங்க. முழுசா கழட்டி கண்ண மூடிக்கிட்டு பூட்டுனா பன்னெண்டுல ஒரு தடவதான் சேரக்கூடிய க்யூப்பா அமையும். கட்ட விரலால அந்த மூலைய அழுத்தி முறுக்குங்க, சரியாயிரும். எங்க வீட்டுல இந்த வேலைய செய்யறது அக்கா மகன், மூணு வயசு.

கேள்வி (நுவரெலியா): காலையில கை வெறச்சுப் போயி க்யூப்பே திரும்ப மாட்டேங்குது, சிரிக்காதீங்க.

பதில்: சிரிக்கல. நீங்க இருக்கறது 1,868 மீட்டர் ஒசரத்துல, ஜனவரியில புல்லு மேல பனி வெள்ளையா படியிற ஊரு. வெறச்ச விரல் பெரிய பெரிய போட்டியிலயே டைம கெடுக்கும், மேடைக்கு போற வரைக்கும் கைய சூடா வச்சிருக்க வார்மர் கொண்டு போறவங்க இருக்காங்க. நமக்கு பிளேன்டீ கோப்ப இருக்கு, ரெண்டு கையாலயும் புடிச்சு உக்காருங்க. குளுருக்கு க்யூப்புக்குள்ள இருக்கற எண்ணெயும் மந்தமாகும், பத்து தடவ சும்மா கலச்சு விட்டுட்டு அப்பறமா டைமர தொடுங்க.

கேள்வி (பதுளை): ரோக்லைக், ரோக்லைட், ரெண்டும் ஒண்ணா?

பதில்: செத்தா கையில ஒண்ணுமே மிஞ்சாம புத்தி மட்டும் மிஞ்சுனா ரோக்லைக். செத்தாலும் கொஞ்சம் பலமோ சாமானோ அடுத்த தடவைக்கு வந்து சேந்தா ரோக்லைட், ஹேடீஸ்னு ஒரு கேம் அந்த வகை. இதுக்காக சண்ட போடுற ஆளுங்க இருக்காங்க, நான் அந்தப் பக்கம் போறதில்ல.

கேள்வி (கோட்டகலை): ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்க எப்புடி?

பதில்: கேட்டுட்டீங்க. 'நெட்ஹேக்'னு 1987ல வந்த ஒரு கிழட்டு கேம்தான் எனக்கு உசுரு. அதுல காக்கட்ரைஸ்னு ஒரு கோழிப் பிசாசு, வெறுங்கையால தொட்டா கல்லாயிருவீங்க. ஆனா கையுற மாட்டிக்கிட்டு செத்த கோழிய தூக்கி எதிரிய அடிச்சா அவன் கல்லாவான். பல மாசம் செத்து செத்து ஒரு வழியா கையுறையும் கோழியும் ஒண்ணா கெடச்சு ராஜா மாதிரி சுத்திக்கிட்டு இருந்தேன், கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியில விழுந்தேன், விழுந்தது கோழி மேல. கையுற இருந்தும் பிரயோசனம் இல்ல. அன்னைக்கு சோறு எறங்கல.

க்யூப்பு 27 செக்கன். போன வாரம் உங்க ஊர்ல ஏறி ஹட்டனுக்கு ட்ரெய்ன்ல வந்தேன், எதிர்ல ஒரு பாட்டி கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டே இருந்தாங்க. கடைசி கட்டம் வர்றதுக்கும் சிங்கமலை சுரங்கம் வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. இருட்டுலயும் விரலுக்குத் தெரியும்ல, அந்த மெதப்புல கடகடன்னு திருப்பி முடிச்சு, வெளிச்சம் வரட்டும்னு க்யூப்ப நீட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வெளிய வந்தா பாதி க்யூப் கலஞ்சு கெடக்கு. பாட்டி என்னையும் அதையும் மாறி மாறி பாத்துட்டு, "முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சே தம்பி"ன்னாங்க.