டல்லாஸ் வந்தால் அந்த கௌபாய் மியூசியத்துக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். மகள் வீட்டுக்கு வருகிறோம், டல்லாஸுக்குப் பக்கத்து ஊரான ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் ஏமன் கார்ட்டர் ஓவிய மியூசியம் நம்மைப் போன்றவர்களுக்கு ஒட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படியும் அவுட்லெட் மாலுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருப்பார்கள், அதில் பாதியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கார்ட்டர் சிறுவயதில் ரயில் நிலையத்தில் சாண்ட்விச் விற்றவர், பிறகு பெரிய பத்திரிகை முதலாளி, எண்ணெயிலும் நல்ல காசு பார்த்தார். டல்லாஸ் என்றாலே ஆகாது, அங்கே பத்து பைசா செலவழிக்கக் கூடாதென்று சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவாராம். வெள்ளையர் குடியேறாத மேற்கு எல்லைப்புறம் என்று இனி ஒன்றும் இல்லை என 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னபோது அவர் பத்து வயதுப் பையன். தனக்குக் கிடைக்காமல் போன அந்த மேற்கை, கௌபாய் உலகத்தை வரைந்த ஓவியர்கள் ரெமிங்டனும் ரஸ்ஸலும் வரைந்ததையெல்லாம் வாங்கி வாங்கிச் சேர்த்துக்கொண்டார் என்பது என் ஊகம்.

என் மாமனாரை அழைத்துப் போனேன். ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், ஓவியம் என்றால் காலண்டர் என்று நினைப்பவர். ரெமிங்டன் 1889இல் வரைந்த 'எ டேஷ் ஃபார் தி டிம்பர்' ஏழடி அகலம், கௌபாய்கள் ஓட்டும் குதிரைகள் நம் மேலேயே பாய்ந்து வருகிற மாதிரி இருக்கும். அதன் முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. குதிரை ஓடும்போது நாலு காலும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு, அப்போது கால்கள் நீட்டிக்கொண்டிருக்காது, வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும். மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878இல் ஓடும் குதிரையை எடுத்த படங்களுக்குப் பிறகுதான் ஓவியர்கள் அதைச் சரியாக வரைய ஆரம்பித்தார்கள். இதெல்லாம் மாமாவுக்குத் தெரியாது. "மாப்ளே, இந்தாளு குதிரைய நல்லா பாத்திருக்கான், முட்டி மடங்குறது பாருங்க" என்றார்.

உடனே சண்டைக்கு வருவீர்கள், தெரியும். பூர்வகுடிகள் அந்தப் படத்தில் தூசிக்குள் முகமில்லாமல் துரத்தி வருகிறார்கள்தான், நிலம் யாருடையது என்ற பேச்சே அதில் இல்லைதான். நான் அதைச் சரி என்று சொல்லவில்லை. ஒரு பணக்காரருக்கு எதன் மேல் பித்து என்பதைப் பார்க்கப் போங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம், டிக்கெட் கிடையாது. கார்ட்டர் 1955இல் இறந்தார், மியூசியம் 1961இல் திறந்தது, காசு வாங்கக் கூடாது என்பது அவர் விருப்பம், இன்றுவரை வாங்கவில்லை. இங்கே ஒரு தமிழ் அமைப்பு பொங்கல் விழாவுக்குக் குழந்தைக்கும் சேர்த்து டாலர் வாங்கிக்கொண்டு ஆறிப்போன சாம்பாரை ஊற்றியது, கேட்டால் நாங்கள் தன்னார்வலர்கள் என்று நம்மையே முறைக்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

திங்கட்கிழமை மூடியிருப்பார்கள், பார்த்துப் போங்கள். கிம்பெல் என்ற இன்னொரு ஓவிய மியூசியமும் நடக்கிற தூரத்தில்தான்.