பாம்புச் சட்டை பிய்ந்து பிய்ந்து வந்தால்?

கேள்வி: எங்கள் வீட்டு பால் பைத்தான் (ball python என்ற சிறிய மலைப்பாம்பு) கோடையில் சட்டையை முழுசாகக் கழற்றியது. வீட்டில் ஹீட்டர் ஓடும் இந்தக் குளிர்காலத்தில் துண்டு துண்டாகப் பிய்கிறது. ஒரு கண்மேலும் வால் நுனியிலும் பழைய தோல் ஒட்டியிருக்கிறது. பிடுங்கி எடுக்கலாமா? (வாசகர், டொரண்டோ)

பதில்: கண்ணில் கை வைக்காதீர்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியுள்ள தெளிந்த செதிலும் சட்டையோடுதான் கழலும். இடுக்கியோ டேப்போ வைத்து இழுத்தால் அடியிலுள்ள புதுச் செதிலும் கிழிந்து பார்வையே போகலாம். உரிந்த தலைத்தோல் கிடைத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் இருக்கும் இடம் ஓட்டையாக இருந்தால் செதில் பாம்பிடம் தங்கிவிட்டது. பெரும்பாலும் அடுத்த உரிப்பில் தானே வந்துவிடும். அப்போதும் வராவிட்டாலோ, கண் வீங்கினாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

வால் நுனியைத் தள்ளிப்போடக் கூடாது. வளையமாக இறுகிய தோல் ரத்த ஓட்டத்தைத் தடுத்து நுனியைக் கருக வைக்கும். காற்றுத்துளை உள்ள டப்பாவில் வெதுவெதுப்பான (28–30 டிகிரி செல்சியஸ்) ஈரத்துண்டைப் போட்டு, பாம்பை அரை மணி நேரம் விடுங்கள். பிறகு துண்டைத் தளர்வாகப் பிடித்து அதன் வழியே ஊர விடுங்கள். ஊறிய தோல் துணியில் உரசிக் கழன்றுவிடும். வராததை இழுக்காமல் மறுநாள் திரும்பச் செய்யுங்கள். எண்ணெய் வேண்டாம்.

ஹீட்டர் காற்றை உலர்த்திவிடுவதுதான் மூலக் கோளாறு. கூண்டில் ஈரப்பதம் 60 சதவீதமாவது வேண்டும். சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பூக்கும்; அப்போது 70க்கு ஏற்றுங்கள். முள் வைத்த மீட்டரை நம்பாதீர்கள், டிஜிட்டல் வாங்குங்கள். வலை மூடியில் மூன்றில் இரண்டு பங்கை அலுமினியத் தாளால் மூடினாலே பாதிப் பிரச்சினை தீரும். மூடியுள்ள டப்பாவில் பாம்பு நுழைய ஓட்டை போட்டு, பிழிந்த ஈரப்பாசி நிரப்பி உள்ளே வையுங்கள். உரச ஒரு கரடுமுரடான மரத்துண்டும் வேண்டும். அதற்காகக் கூண்டுத் தரையையே சொதசொதவென்று ஆக்கினால் வயிற்றுச் செதில் கொப்புளித்து அழுகும்.

ஈரப்பதம் சரியாக இருந்தும் பிய்கிறதா? தாடைக்கடியிலும் கண்ணோரத்திலும் கறுப்புப் புள்ளிகளாக உண்ணி ஊர்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கண் நீலமாக இருக்கும்போது எலி போடலாமா?

பதில்: வேண்டாம், பலதும் தின்னாது. பார்வை மங்கிய பாம்பு மிரண்டு கடிக்கவும் கூடும் என்பதால் தூக்கவும் வேண்டாம். நீலம் தெளிந்து சில நாளில் சட்டை கழலும். அதன்பின் இரை கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.