பழைய மடிக்கணினிக்குத் திறக்கும் பெட்டி, புதியதற்கு ஏன் திறக்கவில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் தமிழ்ப் பள்ளியின் பாடங்கள், காவடி விழாப் படங்கள், 1860இல் இந்தியாவிலிருந்து டுரூரோ கப்பலில் இங்கே வந்தவர்களின் பட்டியல் நகல் எல்லாம் ஒரு என்.ஏ.எஸ். பெட்டியில் (ரௌட்டரோடு இணைந்து எல்லாக் கணினிகளுக்கும் கோப்புகளைத் தரும் சேமிப்புப் பெட்டி) இருக்கின்றன. கடவுச்சொல் ஏதும் இல்லாமல்தான் இத்தனை நாளும் திறந்து வந்தோம். விண்டோஸ் 10 உள்ள பழைய மடிக்கணினியில் இன்றும் திறக்கிறது. புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 ப்ரோ மடிக்கணினியில் திறக்க மறுக்கிறது. ஆனால் அதிலேயே பிரௌசரில் பெட்டியின் நிர்வாகப் பக்கம் வருகிறது. ரீசெட் பொத்தானை அழுத்தலாமா?"

வேண்டாம். அந்தப் பொத்தான் சில பெட்டிகளில் நிர்வாகக் கடவுச்சொல்லை மட்டும் அழிக்கும். சிலவற்றில் நீண்ட நேரம் அழுத்தினால் மற்ற அமைப்புகளும் போய்விடும். பழுது பெட்டியில் இல்லை என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. பழைய கணினி திறக்கிறதென்றால் வட்டுகள் நலமாக இருக்கின்றன. புதிய கணினியில் நிர்வாகப் பக்கம் வருகிறதென்றால் கேபிள், ரௌட்டர், வைஃபை எதிலும் குறையில்லை. மிச்சம் இருப்பது ஒன்றே: கோப்புகளைப் பரிமாறும் எஸ்எம்பி என்ற நெறிமுறையில், "நீ யார்?" என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோ கணினிகளில் இரண்டு விதிகள் மாறின. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு இயல்பாகவே தடுக்கப்படுகிறது. அத்துடன், அனுப்பப்படும் ஒவ்வொரு தகவலிலும் எண்முறைக் கையொப்பம் இருக்க வேண்டும் என்று கணினி கேட்கிறது. கையொப்பத்துக்கான சாவி பயனரின் கடவுச்சொல்லை அடிப்படையாகக் கொண்டு உருவாவது. கடவுச்சொல்லே இல்லாத விருந்தினரால் கையொப்பமிட முடியாது. ஆகவே இரண்டு விதிகளும் சேர்ந்து உங்கள் பெட்டியை வெளியே நிறுத்திவிட்டன. ஹோம் பதிப்பு வாங்கியிருந்தால் பெரும்பாலும் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அதற்காக வருந்த வேண்டாம். விண்டோஸ் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பள்ளியின் வைஃபை கடவுச்சொல் தெரிந்த எவரும் அந்தப் படங்களை அழித்துவிடலாம் என்பதுதான் இன்றைய நிலை.

இந்தத் தடைகளை நீக்கும் வழியைச் சொல்லித்தர ஆட்கள் நிறைய உண்டு. நான் சொல்ல மாட்டேன். கணினியின் காவலைத் தளர்த்துவதைவிடப் பெட்டிக்கு ஒரு பயனரை உண்டாக்குவது எளிது. நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து, 'யூசர்ஸ்' பகுதியில் புதிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். பொதுக் கோப்புறையில் படிக்கவும் எழுதவும் அவருக்கு அனுமதி கொடுக்க மறக்காதீர்கள். பலர் தடுக்கி விழும் இடம் அதுதான்: உள்ளே நுழைய முடியும், ஒரு கோப்பையும் தொட முடியாது.

பிறகு புதிய கணினியில் விண்டோஸ் பொத்தானுடன் 'ஆர்' எழுத்தை அழுத்தி, பெட்டியின் ஐ.பி. முகவரியை \\192.168.1.20 என்பது போல் தட்டுங்கள். (உங்கள் எண் வேறாக இருக்கும், நிர்வாகப் பக்கத்தின் முகவரிப் பட்டையிலேயே தெரியும்.) 'நெட்வொர்க்' சாளரத்தில் பெட்டியின் படம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே வராத பெட்டியும் முகவரியைத் தட்டினால் திறக்கும்.

பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்போது பெட்டியில் உண்டாக்கியதைத்தான் கொடுக்க வேண்டும். கணினியைத் திறக்கும் நான்கிலக்கப் பின் எண் இங்கே செல்லாது. சரியாகக் கொடுத்தும் மறுத்தால், பயனர் பெயருக்கு முன்னால் பெட்டியின் பெயரையும் ஒரு பின்சாய்வுக் கோட்டையும் (\) சேர்த்துப் பாருங்கள். சில சமயம் விண்டோஸ் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கின் பெயரோடு முட்டிக்கொள்ளும். அதற்கும் அசையாவிட்டால் கண்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, பெட்டியின் பெயரிலோ எண்ணிலோ தங்கியிருக்கும் பழைய பதிவை அழித்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பெட்டி மிகப் பழையதாக இருந்தால் இன்னொரு தடை உண்டு: அது எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே அறிந்திருக்கலாம், புதிய விண்டோஸ் அதை இயல்பாக ஏற்பதில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பெட்டியின் ஃபர்ம்வேரை (அதை இயக்கும் உள்மென்பொருளை) புதுப்பித்து, எஸ்எம்பி அமைப்பில் இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதியே இல்லையென்றால், பழைய மடிக்கணினி வழியாக எல்லாவற்றையும் ஒரு வெளி வட்டுக்கு நகலெடுத்துவிட்டுப் பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள்.

வெளி வட்டு எப்படியும் ஒன்று வேண்டும். பெட்டிக்குள் இரண்டு வட்டுகள் ஒன்றையொன்று பிரதியெடுத்தாலும், தவறி அழித்த கோப்பு இரண்டிலும் ஒருசேர அழியும்.

மின்சாரம் போய் வந்த பிறகு பெட்டி காணாமல் போவது தனிக் கதை. லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில் நம் ஊரில் இந்தப் புகார் சகஜமாக இருந்தது. ரௌட்டர் விழிக்குமுன் பெட்டி விழித்துக்கொண்டால் அதற்கு முகவரி கிடைக்காது, 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளும். சில நேரம் ரௌட்டரே வேறு எண்ணைக் கொடுத்துவிடும். ரௌட்டரில் அந்தப் பெட்டிக்கென ஒரு முகவரியை ஒதுக்கி வையுங்கள். அப்படியும் காணவில்லை என்றால், ரௌட்டர் எழுந்தபின் பெட்டியை அதன் பவர் பொத்தானால் முறையாக அணைத்து இயக்குங்கள்.

பழைய மடிக்கணினியையும் புதிய பயனர் பெயரில் இணைத்துப் பாருங்கள். இரண்டும் திறந்தால், அன்றே பெட்டியின் விருந்தினர் நுழைவை மூடிவிடுங்கள்.