ஏற்காட்டில் மார்கழிக் குளிருக்கு வீட்டைக் கதகதப்பாகவும் ஈரமில்லாமலும் வைத்துக்கொள்வது எப்படி?

சேலத்திலிருந்து மாற்றலாகி ஏற்காட்டில் வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், கார்த்திகையிலிருந்தே வீடு சில்லென்று கிடக்கிறது, பீரோவில் துணியெல்லாம் பூஞ்சை வாடை, ஹீட்டர் வாங்குவதா ஈரத்தை உறிஞ்சும் மிஷின் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முன்னால், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். படுக்கையறையில் வெளிச்சுவர் பக்கமாக வையுங்கள். ஈரப்பதம் 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் உடம்புக்கும் சரி, வீட்டுக்கும் சரி. 70-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். குளிரையும் ஈரத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் இங்கே பலர் பணத்தைச் செலவழித்தும் நடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஈரத்தை முதலில் வெளியேற்றுங்கள், குளிரில் பாதி அதோடு போய்விடும். நனைந்த சுவர் சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்திவிடும், ஈரம் ஏறிய மெத்தையும் கம்பளியும் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயர வித்தியாசத்துக்கே ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். காற்று குளிரக் குளிர அது தாங்கும் நீராவியும் குறையும்: 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் வரை தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். மிச்சமெல்லாம் ராத்திரியில் ஜன்னல் கண்ணாடியிலும், தகரக் கூரையின் அடியிலும், பீரோவுக்குப் பின்னால் காற்றே போகாத சுவரிலும் நீராகப் படியும். ஐப்பசி கார்த்திகை மழையில் மண் ஊறிப்போய் இருக்கும்போதே மார்கழிப் பனிமூட்டமும் வந்துவிடுகிறது. சேலத்தில் ஒரு வாரம் மொறுமொறுவென்று இருக்கிற முறுக்கு இங்கே டப்பாவைத் திறந்து வைத்த அன்று சாயங்காலமே நமுத்துப்போவது அதனால்தான்.

வெளியே பனிமூட்டமாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடுமே என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே 13 டிகிரி, மூட்டம் முழுசாக இருக்கிறது என்றால் அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 11 கிராம் அளவுதான் நீராவி. அதே காற்று 20 டிகிரி இருக்கிற உங்கள் அறைக்குள் வந்து சூடானால் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சமைத்து முடித்த அடுக்களையிலும், வெந்நீரில் குளித்த பாத்ரூமிலும் காற்று அதைவிட எவ்வளவோ ஈரமாக இருக்கும், அதனால் பத்து நிமிஷம் திறந்து விடுவது லாபமே. அறையே வெளியைப் போலச் சில்லிட்டுக் கிடந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வெயில் நேரத்துக்கு எங்கள் வீட்டில் கடிகாரம் காபிக் களம்தான். மார்கழி தையில் பழம் பறித்து, தோல் நீக்கி, கழுவிய கொட்டையைக் களத்தில் காயப்போடுவோம். காலையில் தரையில் பனி ஈரம் வற்றினதும் என் மாமியார் புறங்கையைக் களத்தில் வைத்துப் பார்ப்பார், விரலில் குளுமை ஒட்டாமல் இருந்தால்தான் கொட்டையைப் பரப்பச் சொல்வார். சாயங்காலம் வெயில் சாய்ந்து, சில்வர் ஓக் மர உச்சியில் மேகம் இறங்குவதற்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும், விட்டால் பகலெல்லாம் காய்ந்தது ராத்திரியில் திரும்ப ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கும் அதே நேரம்தான். "களம் பரப்பியாச்சு, ஜன்னலைத் திற கண்ணு" என்பார், தார்ப்பாய் போட்டதும் "சாத்திடு" என்பார். எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் சேர்த்துத் திறந்தால்தான் காற்று ஓடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும் என்பதால் தெற்குப் பக்க ஜன்னலில் திரையை முழுக்க ஒதுக்கி விடுங்கள், வெயில் தரையில் விழட்டும், மெத்தையையும் தலையணையையும் அதில் நகர்த்திப் போடுங்கள். அந்தப் பக்கம் ஜன்னலை மறைக்கிற கிளை இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டுக் கழித்துவிடுங்கள்.

ஈரம் பாதி வெளியிலிருந்து வருகிறது, மீதியை நாமே உண்டாக்குகிறோம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் ஆவியாக அறையில் சேரும், அப்படிப் பார்த்தால் ஒரு 14.2 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் 22 லிட்டர். அதனால் அடுக்களையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லையென்றால் மற்ற எதையும் வாங்குமுன் அதைப் போடுங்கள். ஈரத் துணியை ஹாலில் கயிறு கட்டிக் காயப்போடவே வேண்டாம், வெளியே தாழ்வாரத்தில் காயப்போடுங்கள், இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டு, கீழே பலகை கொடுங்கள். முடிந்தால் வெளிச்சுவரை விட்டு உள்சுவர் பக்கம் மாற்றுங்கள். துணியைத் திணிக்காதீர்கள். கற்பூரமும் நாப்தலின் உருண்டையும் பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு ஒன்றும் செய்யாது. கால்சியம் குளோரைடு போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் மூடிய பீரோவுக்குள் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் சேர்கிற தண்ணீர் துணியிலோ தோல் பொருளிலோ கொட்டினால் கெட்டுவிடும், நேராக வையுங்கள். சுவரில் வந்துவிட்ட பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் பறந்து வீட்டில் இளைப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, அந்த இடத்தை அன்றே காயவையுங்கள்.

இனி சூடு. இருட்டுவதற்கு முன் ஜன்னல்களைச் சாத்திக் கனமான திரையை இழுத்து விடுங்கள், கதவின் அடி இடுக்கில் மணல் நிரப்பிய துணிச் சுருளை வையுங்கள். குளிர் தரையிலிருந்தும் காலில் ஏறுகிறது, கோரைப்பாய் போட்டு மேலே ஒரு பவானி ஜமக்காளம் விரித்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஜமக்காளத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது தூக்கி வெயில் காட்டுங்கள்.

ஹீட்டர் வேண்டுமென்றால் ஆயில் ஹீட்டர் வாங்குங்கள், எரிவது எதுவும் அறைக்குள் இல்லை, ஈரமும் சேராது. 2,000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு இரண்டு யூனிட் இழுக்கும், சூட்டு அளவை 18, 19 டிகிரியில் வைத்தால் விட்டுவிட்டுத்தான் ஓடும். பெரிய பிளக் பாயிண்டில் நேராகப் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டவே வேண்டாம். ஈரம் உறிஞ்சும் மிஷின் வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கம்ப்ரஸர் வகை 15 டிகிரிக்குக் கீழே சுருளில் பனி கட்டித் திணறும், குளிர் அறைக்கு, ஈரத்தை இழுக்கும் பொருளை வைத்து ஓடுகிற உலர்த்தி (டெசிகன்ட்) வகைதான் பொருத்தம்.

கரியடுப்பு, தணல் சட்டி, எதையும் மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குழந்தை குளிருகிறதே என்று தணலை உள்ளே இழுத்து வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் சொல்லித் தடுங்கள். காற்றோட்டமில்லாத பாத்ரூமில் கேஸ் கீசரும் இதே ஆபத்துதான்.

அப்புறம், இவ்வளவும் செய்தும் ஒரு சுவர் மட்டும் நனைந்தே இருந்தால், ஒரு சாண் பிளாஸ்டிக் காகிதத்தை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நீர்த்துளி நின்றால் அது காற்றின் ஈரம், மேலே சொன்னதெல்லாம் உதவும். சுவரைப் பார்த்த பக்கம் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும், அங்கே வடிகால் எடுக்காமல் என்ன பெயின்ட் அடித்தாலும் உப்பி உரிந்துவிடும். பழைய சுண்ணாம்புச் சுவரானால் பிளாஸ்டிக் பெயின்டை விட்டு மறுபடி சுண்ணாம்பே அடிக்கச் சொல்லுங்கள், உள்ளிருக்கிற ஈரம் வெளியேற வழி இருக்கும். கொத்தனாரை இப்போது கூப்பிடாதீர்கள், மாசி பங்குனியில் சுவர் காய்ந்த பிறகு வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.