தண்ணீர் தேங்கும் மனையில் அனுமதி இல்லாமல் மண் அடிக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே வாலர் கவுண்டியில் வீடு கட்டுவதற்காக மூன்று ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறோம். பின்பக்கம் முக்கால் ஏக்கர் அளவுக்குத் தாழ்வான பகுதி. மழை பெய்தால் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கிறது. கோரை மண்டிக் கிடக்கிறது. அங்கிருந்து ஒரு சிறு வாய்க்கால் சாலையோர வடிகாலில் போய்ச் சேர்கிறது. "உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, இதற்கெல்லாம் இனி பெர்மிட் வேண்டாம்" என்று சொல்லி, ஒப்பந்தக்காரர் இரண்டு லோடு மண்ணையும் இறக்கிவிட்டார். பக்கத்து நிலத்துக்காரரோ மத்திய அரசு அபராதம் போடும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் ஒப்பந்தக்காரர் தீர்ப்பைப் பற்றிச் சொல்வது பெருமளவு உண்மை, உங்கள் நிலத்தைப் பற்றி அவர் சொல்வதற்குத்தான் இன்னும் ஆதாரம் இல்லை. அந்த ஆதாரம் எழுத்தில் கைக்கு வரும்வரை மூன்றாவது லோடு இறங்கக் கூடாது.

அவர் குறிப்பிடுவது 2023 மே 25 அன்று வந்த சாக்கெட் வழக்கின் தீர்ப்பு. தூய்மை நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட நீர்நிலையிலோ ஈரநிலத்திலோ மண் கொட்டுவதற்கு ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். எந்த ஈரநிலம் அந்த அதிகாரத்துக்குள் வரும் என்பதில்தான் பல்லாண்டுகளாக வழக்கு நடந்தது. ஏறக்குறைய நிரந்தரமாகத் தண்ணீர் இருக்கும் ஆறு, ஓடை, ஏரி போன்றவற்றோடு தரைமட்டத்தில் தொடர்ச்சியாக இணைந்து, இரண்டுக்கும் எல்லை எது என்று பிரித்துச் சொல்வதே கடினமாக இருக்கும் ஈரநிலம் மட்டுமே மத்திய அதிகாரத்துக்குள் வரும் என்று ஐந்து நீதிபதிகள் தீர்மானித்தார்கள். மனுதாரருக்கு வெற்றி என்பதில் ஒன்பது பேரும் ஒன்றுபட்டார்கள். இந்த அளவுகோலை மற்ற நால்வரும் ஏற்கவில்லை.

உங்களுக்கு அதைவிட நெருக்கமானது, டெக்சாஸையும் கட்டுப்படுத்தும் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 டிசம்பரில் லூயிஸ் வழக்கில் அளித்த தீர்ப்பு. அந்த நிலம் லூசியானாவில் பைன் மரங்கள் வளர்ந்த இடம். அதன் ஈரப்பகுதியிலிருந்து தண்ணீர் சாலையோர வடிகாலில் இறங்கி, ஒரு கல்வெர்ட்டைக் கடந்து, ஆண்டு முழுதும் ஓடாத சிறு கிளையோடையில் கலந்து, மைல்கணக்கில் போன பிறகே நிரந்தர ஓடையை அடைந்தது. இப்படிச் சுற்றிப் போய்ச் சேர்வது தொடர்ச்சியான இணைப்பு ஆகாது, அந்த நிலத்தின் மீது மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது. 2025 மார்ச் 12 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ராணுவத் துறையும் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பும், ஈரநிலம் நீர்நிலையை நேரடியாக ஒட்டியிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. நீங்கள் விவரித்த வாய்க்காலும் சாலையோர வடிகாலும் இதே சாயலில் இருப்பதால், உங்கள் பக்கம் நியாயம் வலுவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றே கருதுகிறேன்.

ஆனால் நீங்கள் எழுதாத ஒரு விவரத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது: அந்தச் சாலையோர வடிகால் எங்கே போகிறது, அதில் எத்தனை மாதம் தண்ணீர் ஓடுகிறது? அது முன்பு இயற்கையான ஓடையாக இருந்து, பின்னாளில் வெட்டி நேராக்கப்பட்டதாக இருந்தால் நிலைமை வேறு. கோடையில் காய்ந்து கிடக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. வறட்சியால் தற்காலிகமாக அறுபடும் இணைப்பு அறுந்ததாகாது என்று சாக்கெட் தீர்ப்பே கூறுகிறது. சட்டவிரோதமாக வரப்போ தடுப்போ போட்டு இணைப்பைத் துண்டிப்பவருக்கும் அதனால் பயனில்லை என்று அதே தீர்ப்பு எச்சரிக்கிறது. இந்தச் சட்டத்தில் தெரியாமல் செய்தேன் என்பதும், ஒப்பந்தக்காரர் சொன்னார் என்பதும் உரிமையியல் பொறுப்பிலிருந்து தப்பிக்க உதவாது. உச்சவரம்பு அபராதம் நாளொன்றுக்கு 60,000 டாலருக்கும் மேல். கொட்டிய மண்ணை அள்ளி நிலத்தைப் பழையபடி சீராக்க உத்தரவிடவும் முடியும்.

ஆகவே முதலில் ஒரு வழக்கறிஞர் மூலம் ஈரநில நிபுணர் ஒருவரை அமர்த்தி எல்லையை அளந்து குறியுங்கள். மழைக்குப் பின்பும், மழையற்ற நாட்களிலும் தேதியோடு படங்கள் எடுத்து வையுங்கள். அறிக்கை சாதகமாக இருந்தால், பொறியாளர் படையின் கால்வெஸ்டன் மாவட்ட அலுவலகத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட அதிகார எல்லைத் தீர்மானம்', அதாவது உங்கள் நிலம் மத்திய அதிகாரத்துக்குள் வருமா வராதா என்று எழுத்தில் சொல்லும் கடிதம், கோருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் பல மாதங்கள் ஆகலாம். கிடைத்துவிட்டால் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். முகமையும் ராணுவத் துறையும் 2025 நவம்பரில் புதிய வரைவு விதி வெளியிட்டிருக்கும் இந்தக் காலத்தில், அந்தக் கடிதத்தைவிட உறுதியான பாதுகாப்பு வேறில்லை. 'முதற்கட்டத் தீர்மானம்' என்ற படிவத்தை நீட்டினால் யோசிக்காமல் கையெழுத்திட வேண்டாம். அதில் உங்கள் நிலம் மத்திய அதிகாரத்துக்கு உட்பட்டது என்று வைத்துக்கொண்டே மேலே செல்வார்கள். தீர்மானம் பாதகமாக வந்தால் 60 நாட்களுக்குள் துறைக்குள்ளேயே மேல்முறையீடு செய்ய வேண்டும். அதன் பின் நீதிமன்றம் செல்லும் உரிமையை 2016இல் ஹாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூனில் லோப்பர் பிரைட் தீர்ப்பு வந்தபின், சட்டத்துக்குத் துறை தரும் பொருள்விளக்கத்தை அப்படியே ஏற்கும் கட்டாயமும் நீதிபதிகளுக்கு இல்லை.

அதிகாரத்துக்குள் வந்தாலும் வீடு கட்ட முடியாது என்று மனம் தளர வேண்டியதில்லை. குடியிருப்புகளுக்கான 29ஆம் எண் நாடு தழுவிய அனுமதி, அரை ஏக்கர் வரையிலான ஈரநில இழப்புக்குப் பொருந்தும். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உங்கள் பள்ளம் முக்கால் ஏக்கர் என்பதால் முழுவதையும் நிரப்ப அது உதவாது. வீட்டையும் பாதையையும் முன்பக்க மேட்டுக்குத் தள்ளி வரைபடத்தை மாற்றுவது, தனி அனுமதிக்கு அலைவதைவிட எவ்வளவோ மேல்.

மத்திய அனுமதி தேவையில்லை என்றே முடிவானாலும், அந்தத் தண்ணீர் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? இயற்கையாக ஓடும் மழைநீரைத் திருப்பியோ தேக்கியோ அடுத்தவர் நிலத்துக்குச் சேதம் விளைவிப்பதை டெக்சாஸ் தண்ணீர்ச் சட்டத்தின் 11.086ஆம் பிரிவு தடுக்கிறது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரலாம். இன்று உங்களை எச்சரிக்கும் பக்கத்து நிலத்துக்காரரே நாளை வாதியாக நிற்கக்கூடும். கவுண்டியின் வெள்ளப்பகுதிக் கட்டுமான அனுமதி வேண்டுமா என்பதையும் இப்போதே விசாரியுங்கள்.

இறங்கிய இரண்டு லோடு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். மேட்டுப் பகுதியில் குவியலாக இருந்தால், மழையில் கரைந்து பள்ளத்துக்குள் ஓடாதபடி சுற்றிலும் மண் தடுப்புத் திரை கட்டுங்கள். கோரைக்குள் கொட்டியிருந்தால், பதற்றத்தில் புல்டோசரை இறக்கி வழிக்க வேண்டாம். அது ஈரநிலத்தை மேலும் கிளறிப் புதிய மீறலாகக்கூடும். நான்கு பக்கமும் படம் எடுத்து, லாரி ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, வழக்கறிஞரிடம் அதைத்தான் முதலில் சொல்லுங்கள்.